முடிக்கத் தெரியாத மருமகள்

என் மருமகள் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பாள். ஒரு வாய் போட்டுக்கொள்வாள், தலையைச் சாய்த்துக் காது கொடுப்பாள், மறுபடி நடப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் கூச்சம் என்று நினைத்தேன். அப்புறம் வயிற்றில் பூச்சியோ என்று சந்தேகப்பட்டேன். கடைசியில்தான் தெரிந்தது, அவள் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் பழைய ஃபிரிட்ஜை. கரண்டு வந்தால் அது உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு முனகத் தொடங்கும். அந்த உதறலுக்காகத்தான் இந்தப் பெண் நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தாள்.

எங்கள் ஊரில் கரண்டு என்பது சொல்லாமல் கொள்ளாமல் வரும் சம்பந்தி மாதிரி. வந்தால் எல்லா வேலையையும் போட்டுவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். எப்போது கிளம்பும் என்று கேட்கவும் முடியாது. "வந்தாச்சு!" என்று தெருவே கத்தும். மோட்டார் போட வேண்டும், துணி தேய்க்க வேண்டும், இருக்கிற போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்ற வேண்டும். எனக்கு அந்த அவசரத்தில் பாதிதான். நான் தையல்காரி, என் மெஷினுக்கு இரண்டு கால் போதும். ஆனால் மாடியில் குடியிருக்கிற எங்களுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமே.

இவளுக்கு என்ன வேண்டும் தெரியுமா? பாட்டு. கேட்கிற பாட்டு இல்லை, செய்கிற பாட்டு. பகலில் போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை. அங்கே பொடிப்பொடியான சாமான்களுக்கு ஈயம் வைக்கிற அதே கையால் வீட்டில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தாள். ஒரு பழைய கீபோர்டு, மேலெல்லாம் குமிழ் முளைத்த தகரப் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர். அவற்றைச் சேர்க்க ஒயர், ஒயர், எங்கே பார்த்தாலும் ஒயர். தெருவில் அவளுக்கு 'ஒயரக்கா' என்றே பேர். என் மகன் லாரி ஓட்டுகிறவன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எப்போதாவது வந்து தலைகாட்டுவான். "எங்கடா புடிச்சே இவளை?" என்று கேட்டேன். "போனை ரிப்பேருக்குக் குடுத்தேம்மா" என்றான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, அதை மட்டும் சொல்லவில்லை.

அந்தத் தகரப் பெட்டிக்கு நான் வைத்த பேர் கிளி. ஒரு தடவை வாசித்ததைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொல்லும். முதலில் 'தும்... தும்' என்று ஒரு தாளம் கொடுப்பாள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி 'ஊம்' என்று ஒன்று. அதன் மேல் கண்ணாடி வளையல் உரசுகிற மாதிரி ஒன்று. அதற்கும் மேலே அவள் கை விளையாடும். இப்படி அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போவாள். ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்க, அறைக்குள் பத்துப் பேர் இருப்பது போலிருக்கும். கரண்டு போனதோ இல்லையோ, கிளிக்கு எல்லாம் சுத்தமாக மறந்துவிடும். விலை கூடின பெட்டிகள் மறக்காதாம். இது மறக்கும். மறுநாள் மறுபடி 'தும்' என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். பேட்டரியில் போட்டும் பார்த்தாள். இன்வெர்ட்டர் போட்ட 'ஙொய்' சத்தத்தில் பாட்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

எங்களுக்குள் சண்டை என்றால் அது மோட்டார் சண்டைதான். மோட்டார் ஓடினால் விளக்கு மங்கும், கிளிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

"அத்தை, கொஞ்ச நேரம். மோட்டாரை அப்புறம் போடலாமே."

"அதுக்குள்ள கரண்டு போச்சுன்னா உன் பாட்டுலதான் குளிக்கணும்."

"நேத்தும் மோட்டார்தானே முதல்ல ஓடுச்சு?"

"நேத்தும்தானே முதுகு தேய்ச்சுக் குளிச்சே?"

முணுமுணுத்துக்கொண்டு நகருவாள். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் பாய்ந்து போய் உட்காருவாள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பது அவள் விஷயத்தில் அப்பட்டமான உண்மை. கடையில் இருக்கும்போது கரண்டு வரும். அனுமதி கேட்டு வீட்டுக்கு ஓடி வருவதற்குள் போய்விடும். மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, அணைந்துபோன பல்பை அவள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அன்றைக்கு மட்டும் நான் அவளைத் திட்டமாட்டேன். கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். "ஒரே பாட்டா அம்மா, தினமும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப்போச்சு" என்று படியேறி வந்து முறையிடுவார். அவருக்குப் பதில் சொல்வது என் வேலை. "உங்க காதை ஊறுகாய் போட்டுக்குங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன். மருமகளை நான் திட்டலாம். அடுத்தவன் திட்டினால் எனக்கு ஆகாது.

இப்படி இருக்கும்போது ஒரு நாட்டியக் குழுவின் தலைவி என்னிடம் ஆட்டக்காரர்களுக்கு உடுப்புத் தைக்க வந்தார். நான் அளவெடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் கரண்டும் இருந்தது, மருமகளும் இருந்தாள், தொட்டியும் நிரம்பியிருந்தது. அப்படி மூன்றும் சேர்ந்து வருவது அபூர்வம். அந்த அம்மா கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார்.

"யாரும்மா அது?"

"என் மருமக. பயப்படாதீங்க, இப்ப நின்னுடும்."

நின்றுவிட்டது. ஆனால் அந்த அம்மா கையை இறக்கவில்லை. அவர்களுடைய இசைக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். ஊர் ஊராகப் போகிற குழு அது. போகிற ஊரிலெல்லாம் ஜெனரேட்டர் உள்ள அரங்கம், தங்குகிற இடத்திலும் தடையில்லாத கரண்டு. எங்கள் ஊரில் கட்டியிருக்கும் புது அரங்கத்தில் ஒரு ஆட்டத்துக்கு வாசிக்கட்டும், சரியாக அமைந்தால் கூடவே அழைத்துப் போகிறேன் என்றார். மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நிக்காத கரண்டா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவவில்லை.

"ஒரே ஒரு தடவை அத்தை, போயிடுமோன்னு பயப்படாம வாசிச்சுப் பாக்கணும். அது கிடைச்சா போதும்."

"வாசி, வாசி. ஏற்கெனவே ஒருத்தன் ஊர் சுத்தறான். நீயும் போ. நான் மெஷினைக் கட்டிக்கிட்டு அழறேன்."

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் நடுராத்திரி தாகம் எடுத்தால் எழுப்ப ஒரு ஆள், சண்டை போட ஒரு ஆள் இல்லாத வீட்டை நினைத்தால் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஒத்திகை ஒரு பழைய கிடங்கில் நடந்தது. அங்கேயும் கரண்டு அதே லட்சணம். பாதி ஆட்டத்தில் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். மீதிக்குத் தலைவி கையைத் தட்டித் தாளம் சொல்லி முடித்து வைப்பார். "மேடையில கரண்டு இருக்கும். முழுசா வாசிச்சிடுவீங்கள்ல?" என்று கேட்டார். "வாசிச்சிடுவேன்" என்றாள் இவள். கேட்டவருக்கும் சந்தேகம் வரவில்லை, சொன்னவளுக்கும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும்தான் வரவில்லை.

ஆட்டத்தன்று நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கண் கூசுகிற விளக்கு. குளிர்காற்று வேறு. மேடையின் ஓரத்தில் என் மருமகள், ஒயர்களுக்கு நடுவில். 'தும்' என்று தொடங்கினாள். 'ஊம்' வந்தது, வளையல் வந்தது. வழக்கமாகக் கரண்டு போகிற இடமெல்லாம் வந்தது, தாண்டிப் போனது. பாட்டு நிற்கவில்லை. அதற்கு மேல் அவள் அடுக்கியதை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றது. இந்தப் பெண்ணுக்குள் இவ்வளவு இருந்ததா! இதையா நான் மோட்டார் போட்டு நிறுத்தி வைத்திருந்தேன்! பக்கத்து நாற்காலிக்காரர் எதுவும் கேட்கவில்லை. "என் மருமக" என்று நானாகவே சொன்னேன்.

ஆட்டம் முடிந்தது. ஆடின பிள்ளைகள் வட்டமாகத் தரையில் சாய்ந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பாட்டு நிற்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தது. பாட்டு ஓயவில்லை. தரையில் கிடந்த ஒரு பெண் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். இன்னொருத்தி எழுந்து மறுபடி ஆடத் தொடங்கினாள். மற்றவர்களும் வேறு வழியில்லாமல் எழுந்தார்கள். அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று ஜனங்கள் முதலில் நம்பினார்கள். பிள்ளைகள் மூச்சிரைத்து மறுபடி விழுந்தார்கள். மருமகளோ மேலே எரிகிற விளக்கை ஒரு தடவை பார்ப்பாள், இன்னொரு அடுக்கு ஏற்றுவாள், மறுபடி விளக்கைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வீட்டில் பல்பைப் பார்க்கிற பார்வை. திரையை இழுத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலும் பாட்டு ஓடியது. ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!" என்று தலைவி கத்திக்கொண்டிருந்தார். மருமகள் வேர்த்து விறுவிறுத்துப்போயிருந்தாள். கண் நிறையத் தண்ணீர்.

"என்னடி பண்றே?"

"போகவே மாட்டேங்குது அத்தை."

"எது?"

"கரண்டு. இப்ப போயிடும், இப்ப போயிடும்னு பாத்துக்கிட்டே இருக்கேன். போகவே மாட்டேங்குது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. எங்கள் தெருவில் கரண்டு இருக்கும்போது யாரும் எதையும் அணைப்பதில்லை. எல்லா சுவிட்சும் போட்டபடியே கிடக்கும். அணைப்பது கரண்டின் வேலை. அவள் அந்தப் பாட்டை எத்தனையோ தடவை தொடங்கியிருக்கிறாள். ஒரு தடவைகூட முடித்ததில்லை. அதற்கு ஒரு முடிவு வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை, ஏனென்றால் முடிவு எப்போதும் கம்பம் வழியாக வெளியிலிருந்துதான் வந்தது. அரங்கத்துக்காரர் ஒருவர் வந்து சுவிட்சைத் தட்டினார். கன்னத்தில் அறை வாங்கினவள் போல நின்றாள் என் மருமகள்.

தலைவி ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். திட்டவில்லை. "தொடக்கம் நல்லா இருக்கு. நடுவுல அதைவிட நல்லா இருக்கு. ஆனா முடிவே இல்லாத பாட்டுக்கு என் பிள்ளைங்க எங்க போய் நிப்பாங்க? அடுத்த வாரம் இதே அரங்கத்துல இன்னொரு தடவை ஆடுறோம், அதோட கிளம்புறோம். ஒரு முடிவோட வாங்க. இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேன், "ஒரு பட்டனைத் தட்டினா நிக்குமில்ல? அதுக்கு ஏன்டி இந்தப் பாடு?"

"அது வெட்டுறது அத்தை. முடிக்கிறது இல்ல. நம்ம வீட்டுல கரண்டு போறப்ப ஃபேன் நிக்கும், லைட் போகும், தெருவே அமைதியாயிடும். எல்லாத்தோடயும் சேந்து பாட்டும் நிக்கும். அதனால முடிஞ்ச மாதிரி இருக்கும். அங்க எல்லாம் ஓடுது, பாட்டு மட்டும் நிக்கணும். எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல."

இரண்டு நாள் யோசித்து வழி கண்டுபிடித்தாள். ஏற்றின மாதிரியே இறக்க வேண்டும், ஒவ்வொரு அடுக்காக. எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் விடுவது என்று செய்து பார்த்தால்தானே தெரியும்? செய்து பார்க்கக் கரண்டு மிச்சம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றி, இறக்கலாம் என்று கை வைக்கும்போது கரண்டு போய்விடும். கிளி மறந்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். அந்த வாரம் பார்த்துக் கரண்டுக்கும் எங்கள் மேல் என்ன கோபமோ, எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. மருமகள் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்தாள். கடையில் எவனுடைய போனையோ பொசுக்கிவிட்டு வந்தாள். அந்தப் பரபரப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. தெருமுனையில் யார் கத்தினாலும் மெஷினை விட்டு எழுந்துவிடுவேன். சட்டை ஒன்றுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டிவிட்டேன்; இத்தனை வருஷத் தொழிலில் அப்படிச் செய்ததில்லை. மோட்டார் போடுவதையும் விட்டுவிட்டு, அவள் கடைக்குப் போனதும் தெருக்குழாயிலிருந்து குடம் சுமந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மத்தியானம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். என் பொறுமை போய்விட்டது.

"கரண்டு கரண்டுன்னு ஏன்டி சாகறே? வாயாலயே பண்ணித் தொலையேன்!"

சத்தியமாகக் கோபத்தில் சொன்னதுதான். அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"அத்தை, 'ஊம்'னு சொல்லுங்க."

"என்னது?"

"அடித்தொண்டையில. சொல்லுங்களேன்."

சொன்னேன். சொல்லாவிட்டால் விடுவாளா? "அப்படியே விடாம சொல்லிக்கிட்டே இருங்க" என்று ஓடிப்போய் ஊரிலிருந்து அன்றுதான் வந்து தூங்கிக்கொண்டிருந்த என் மகனை எழுப்பினாள். அவன் மடியில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தாள்.

"அம்மா, உனக்குமா பித்துப் புடிச்சிருக்கு?"

நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, "வாயை மூடிக்கிட்டு வாளியைத் தட்டுடா" என்றேன்.

வளையல் சத்தத்துக்குத்தான் ஆள் இல்லை. கணக்கு வாத்தியார் வழக்கம்போல முறையிடப் படியேறி வந்தார். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். "அந்த இடத்துல அப்படி இல்லையே அம்மா, இப்படியில்ல வரும்?" என்று உதட்டைக் குவித்துச் சீட்டியடித்தார். அட்சரம் பிசகவில்லை. இத்தனை நாள் காது புளித்ததன் பலன். அவரையும் பிடித்து உட்கார வைத்தாள்.

அன்று முதல் கரண்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. நாங்கள்தான் கிளி, நாங்கள் மறக்கவில்லை. அவள் நடுவில் நின்று விரலை நீட்டினால் ஒருவர் நுழைவோம், விரலை மடக்கினால் நிற்போம். வாளியை முதலில் எடுத்துப் பார்த்தாள், வீடு இடிந்த மாதிரி இருந்தது. என்னை முதலில் எடுத்துப் பார்த்தாள், மற்றதெல்லாம் அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் முறை பிடிபட்டது; மேடையில் இதே வரிசையில் கிளியின் குமிழ்களைத் திருகி இறக்கினால் போதும் என்றாள். முதலில் அவளுடைய மெட்டு போகும், பிறகு வாத்தியார் சீட்டி, பிறகு வாளி. கடைசியில் என் 'ஊம்' மட்டும் தனியாக நிற்கும். "வெட்டாதீங்க அத்தை. மூச்சு தீரும்போது தானா விடுங்க. அடுத்த மூச்சு எடுக்காதீங்க, அவ்வளவுதான். அதுதான் முடிவு" என்றாள். அப்படி விட்டேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆட்டத்துக்கு முந்தின மாலை கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள். ஏற்றினோம். அவள் மெட்டு போயிற்று. சீட்டி நின்றது. வாளி மெல்ல மெல்ல அடங்கியது. நான் மட்டும் மிச்சம். என் மூச்சு தீர்ந்தது.

நான் இன்னொரு மூச்சு இழுத்தேன். மறுபடி 'ஊம்' என்றேன்.

"அம்மா" என்றான் மகன். அவள் கையமர்த்தினாள். அந்த மூச்சும் தீர்ந்தது. இன்னொன்று இழுத்தேன்.

என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். முடிவு அவ்வளவு நன்றாக இருந்தது, அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. நாளைக்கு மேடையில் இப்படி முடித்தால் அந்த அம்மா இவளை விடமாட்டார். கூட்டிக்கொண்டு போய்விடுவார். நான் நிறுத்தாதவரை இது முடியாது. முடியாதவரை இவள் இங்கேதான் இருப்பாள். சின்னப் பிள்ளைப் புத்தி என்று சொல்லுங்கள், எனக்குக் கவலையில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய் ஓரத்தில் உப்புக் கரித்தது. நான் விடவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. கிட்டே வந்து என் முழங்கால் மேல் கையை வைத்தாள்.

"உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப நிறுத்துங்க அத்தை. நான் காத்திருக்கேன்."

ஒரு நொடி பொறுக்காத பெண் அது. கண்ணெடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்திருப்பாள். என் மூச்சு மெலிந்து மெலிந்து இழையாகி, அதுவும் தீர்ந்தது.

அடுத்த மூச்சை நான் எடுக்கவில்லை.

பிறகு அவள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"சரியா இருந்துச்சா அத்தை?"

"சரியா இருந்துச்சு. நாளைக்கும் இப்படியே முடி."

"என்னை எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்காம எங்க போவாங்க" என்றேன். "போய்ட்டு வாடி."